பெரியாஸ்பத்திரிப் பக்கத்து போர்ட் இல்லாத கஞ்சிக்கடை: வார்டில பிள்ளையோட நிக்கிறவங்க வாசிக்க

திருகோணமலை பெரியாஸ்பத்திரியில பிள்ளைய வச்சுக்கொண்டு நிக்கிற தாய் தகப்பன் ஆராவது இதப் பாத்தா முதல்ல இந்தக் கடைய மனசில வச்சுக்கொள்ளுங்க, மிச்சத்தப் பிறகு ஆறுதலா வாசிக்கலாம். பேர் என்னெண்டு கேட்டா சொல்ல ஏலாது, கடைக்கு போர்ட்டே இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து நடந்து போற தூரத்தில ஒரு ஒழுங்கைக்குள்ள, வீட்டு முன்விறாந்தைக்குத் தகரம் இறக்கி ரெண்டு மேசையும் ஒரு நீட்டு வாங்கும் போட்டு நடத்துறாங்க. நீலப் படலை, பக்கத்தில ஒரு முருங்கை மரம். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஆட்டோக்காரர் ஆரிட்டயும் கஞ்சி அன்ரிட கடை எங்க எண்டு கேட்டா கைய நீட்டிக் காட்டுவாங்க.

ருசிக்கு நாலு ஸ்டார், மற்ற எல்லாத்துக்கும் அஞ்சு. ஏன் அஞ்சு எண்டுறதத்தான் கீழ எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கட மகனுக்கு டெங்கு வந்தது. ஏழு வயசு, இருபது கிலோ. மாரி மழை விட்டு வெயில் வரத் தொடங்கின நேரம், எங்கட நிலாவெளிப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்குவக் கண்டுபிடிக்கிற என்.எஸ்.1 ரத்த டெஸ்ட் பொசிட்டிவ் எண்டு வந்த உடனயே வார்டில போட்டாங்க. டெங்கு தெரிஞ்ச ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, தெரியாதவங்களுக்குச் சொல்லுறன், காய்ச்சல் கொதிக்கிற நாளவிட காய்ச்சல் விடுற நாள்தான் பயம். மூண்டாம் நாலாம் நாள் உடம்பு குளிர்ந்து வரும், பிள்ளைக்குச் சுகமாயிட்டு எண்டு பாக்க வாற எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அந்த நேரத்திலதான் சில பிள்ளையளுக்கு ரத்தக் குழாயில இருந்து நீர் வெளிய கசியத் தொடங்கும், நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் போய்த் தேங்கும், ரத்தம் தடிச்சுப் போகும், பிரஷர் இறங்கும். அந்தக் கசிவு 24 மணித்தியாலத்தில இருந்து 48 மணித்தியாலம் வரைக்கும் இருக்கும். அதத் தாண்டிட்டா கசிஞ்ச நீர் திரும்பவும் ரத்தத்துக்குள்ள வந்திரும், பிள்ளை எழும்பிரும். தாண்டுற வரைக்கும் தாய்க்கு நித்திரையும் இல்ல, பசியும் இல்ல, கடவுள் பேரும் பிள்ளைட பேரும் மட்டும்தான் வாயில வரும்.

அந்த நேரத்தில கையில ஒரு தாள் தருவாங்க. பிள்ளை என்ன குடிச்சது, எத்தின மில்லி, எத்தின மணிக்கு, சலம் போனது எத்தின மில்லி, எல்லாம் அளந்து எழுதோணும். ஒரு கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லியில இருந்து ஒரு மில்லி வரைக்கும் சலம் போகோணும் எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினவர், அப்ப எங்கட மகனுக்கு 10க்கும் 20க்கும் இடையில. அதுக்குக் குறைஞ்சா குடுக்கிறது காணாது, கனக்கக் கூடினா குடுக்கிறது கூடிப்போச்சு. ஊரில எல்லாரும் போன் எடுத்து நல்லாக் குடிக்கக் குடு, நல்லாக் குடிக்கக் குடு எண்டுதான் சொன்னாங்க, காய்ச்சல் காலத்துக்கு அது சரி, கசிவு தொடங்கின பிறகு அது சரிவராது. சேலைனும் வாயால குடிக்கிறதும் சேத்து ஒரு கணக்கு இருக்கு, அந்தக் கணக்குக்கு மேல போனா கசிஞ்ச நீர் திரும்பி வாற நேரம் பிள்ளைக்கு மூச்செடுக்கக் கஷ்டமாயிரலாம். அதால ஒவ்வொரு மிடறும் அளவு. கடையில கஞ்சி வாங்கிற அம்மா ஒவ்வொராளுக்கும் இது எவ்வளவு பெரிய பிரச்சினை எண்டு வெளிய இருக்கிறவங்களுக்கு விளங்காது.

முதல் நாள் என்ட மனுசன் கஞ்சி தேடி அலைஞ்சு பெரிய ரோட்டில ஒரு கடையில வாங்கிக்கொண்டு வந்தவர், அந்தக் கடைட பேர் வேணாம். சுடச்சுட பொலித்தீன் பையில கட்டிக் குடுத்திருந்தாங்க, எத்தின மில்லி எண்டு கேட்டதுக்குத் தெரியாது எண்டிட்டாங்க, வாயில வச்சுப் பாத்தா உப்புக் கரிச்சது. பிறகு ஒரு ஆட்டோக்கார அண்ணாதான் இவர இந்த ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். இவர் வாயத் திறக்க முதலே அன்ரி கேட்டாவாம், "எந்த வார்ட் தம்பி, டெங்குவா, பிள்ளை எத்தின கிலோ, ஒருக்காக் குடிக்க எவ்வளவு சொல்லியிருக்காங்க?" எண்டு. இவருக்குக் கண் கலங்கிப்போச்சாம். அண்டைக்கு முழுக்க இவரிட்ட ஆரும் கேக்காத கேள்வி.

அவட்ட மூடி போட்ட சின்னக் கப் இருக்கு. 50 மில்லிக்கு ஒரு கோடு, 100 மில்லிக்கு ஒரு கோடு, அழியாத மார்க்கர் பேனையால கீறியிருக்கு, சிரிஞ்சால தண்ணி விட்டு அளந்துதான் கீறினவவாம். கஞ்சி வெள்ளைப் பச்சையரிசியில நல்லாக் கரைய விட்டு வடிச்சது, உப்பு அளவா, தேங்காய்ப்பால் வேணுமெண்டு கேட்டா மட்டும்தான் விடுவா. அதே மாதிரி கப்பிலதான் தோடம்பழச் சாறும் செவ்விளநீரும் வரும். பத்து கப்பக் கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில அடுக்கிட்டு ஒண்டு முடிய ஒண்டத் தாளில கோடு போட்டு எழுதினா என்ன லேசு எண்டு வார்டில நிண்டவங்களுக்குத்தான் தெரியும். நேர்ஸ் மிஸ் ஒராள் என்ட தாளப் பாத்திட்டு நல்லா எழுதியிருக்கீங்க எண்டு சொன்னா, அந்தப் பாராட்டு முழுக்க அன்ரிக்குத்தான் சேரும். ஜீவனியும், அதுதான் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள், வச்சிருக்கா, ஆனா கரைச்சு விக்க மாட்டா. பக்கெட்டத் தந்து, ஒரு பக்கெட்ட ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில முழுசாக் கரைக்கோணும், பாதி பாதியா கண்ணளவில கரைக்கக் கூடாது எண்டு ஒவ்வொராளுக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லுவா, எத்தின பேருக்குச் சொன்னாலும் அலுக்க மாட்டா.

இன்னொண்டு, கலர். டெங்குப் பிள்ளைக்குச் சிவப்பு, பிரவுண், கறுப்பு நிறத்தில ஒண்டும் குடுக்கக் கூடாது, மைலோ, சொக்லேட், பீட்ரூட், சிவப்புச் சோடா, ஒண்டும் ஏலாது, பிள்ளை சத்தி எடுத்தா வந்தது ரத்தமா குடிச்சதா எண்டு பிரிச்சுப் பாக்க ஏலாமப் போயிரும். நான் ஒரு விடிய அங்க போய் நிக்கேக்க ஒரு வயசான ஐயா பேத்திக்குக் குரக்கன் கஞ்சி கேட்டார். சட்டியில சுடச்சுட இருக்கு, காசும் நீட்டிக்கொண்டு நிக்கிறார், அன்ரி குடுக்கேல்ல. "ஐயா, டெங்கு வார்டுக்கு இது வேணாம், நிறம் சரியில்ல, வெள்ளைக் கஞ்சி தாறன், இது உங்களுக்குத் தாறன் குடிச்சிட்டுப் போங்க" எண்டு அவர இருத்திக் குடுத்தா. பப்பாசி இலைச் சாறு கேட்டு வாறவங்களுக்கும் அதே பதில்தான், டொக்டர்மார் வேணாமெண்டத நான் இடிச்சுத் தர மாட்டன் எண்டிருவா. ஆஸ்பத்திரிப் பக்கத்தில கடை வச்சுக்கொண்டு விக்கக் கூடியத விக்காம விடுற ஆக்கள் எத்தின பேர் இருக்காங்க சொல்லுங்க.

இனி நான் உண்மையா எழுத வந்த விசயம். பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்க ஆயிரம் பேர் சொல்லித் தருவாங்க, தாய் என்ன சாப்பிட்டாள் எண்டு ஆரும் கேக்கிறதில்ல, தாயும் யோசிக்கிறதில்ல. பிள்ளை மிச்சம் விட்ட கஞ்சியக் குடிச்சிட்டு, பிஸ்கட்டக் கடிச்சிட்டு, பிளேன்டீயோட நாளக் கடத்துறதுதான் வார்டில நடக்கிறது. வீட்டில இருந்து சோத்துப் பார்சல் வந்தாலும் அதப் பிரிச்சுப் பிசைஞ்சு சாப்பிட நேரம் இருக்காது, ஒரு கையில கப், அடுத்த கை பிள்ளைட சேலைன் ஊசி இழுபடாமப் பிடிச்சுக்கொண்டிருக்கும், மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் அளக்கிறது, ரத்தம் எடுக்க வருவாங்க, பிரஷர் பாக்க வருவாங்க, திறந்த பார்சல் அப்பிடியே காய்ஞ்சு போகும். அன்ரி என்ன செய்தவ எண்டா சோத்தப் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் விட்டுக் குழைச்சு உருண்டை உருண்டையாப் பிடிச்சு ஒவ்வொண்டையும் தனித்தனியா வாட்டின வாழையிலையில சுத்தி அனுப்பினவ. ஒரு கையால ஒண்ட எடுத்து நிண்ட நிலையில ரெண்டு வாயில சாப்பிடலாம், மிச்சம் மூடினபடி இருக்கும், கைய நக்கத் தேவையில்ல, ஊத்துப்படாது. சின்ன வயசில எங்கட அம்மா குழைச்சுத் தந்த அதே சோறுதான், ஆனா அந்த நேரத்தில அது எனக்கு மருந்து. நான் சாப்பிட்டு முடிச்சனா இல்லையா எண்டு அடுத்தமுறை போகேக்க இவரிட்டக் கேப்பாவாம். "பிள்ளைக்குச் சரி தம்பி, தாய் சாப்பிட்டதா, எத்தின உருண்டை போனது?" எண்டு. எனக்கும் ஒரு கணக்கு வச்சிருந்த ஒரே ஆள் அவதான். பேந்து நான் நேர போனப்ப என்னைப் பாத்து, "பிள்ளை, நீ விழுந்தா அவன ஆர் பாக்கிறது, இருந்து சாப்பிடு" எண்டு சொல்லி இலைக்கஞ்சியும் ஒரு துண்டு பனங்கட்டியும் வச்சவ. நான் அந்த வாங்கில இருந்து அழுதிட்டன், அவ ஒண்டும் கேக்கேல்ல, திரும்பி அடுப்பைப் பாத்துக்கொண்டு நிண்டவ.

தகப்பன்மாருக்கு இந்தக் கடை இன்னொரு விதத்தில உதவி. பிள்ளையள்ட வார்டில இரவில தாய்தான் நிக்கலாம், பாக்கிற நேரம் முடிஞ்ச உடன ஆம்பிளையள் வெளிய வந்திரோணும். நிலாவெளி எண்டா பரவாயில்ல, மூதூர், தோப்பூர், வெருகல், புல்மோட்டை எண்டு தூரத்தில இருந்து வாறவங்க எங்க போறது? இந்த வாங்கில இருக்கலாம், பிளேன்டீ ஒண்டு வாங்கினாலும் சரி வாங்காட்டியும் சரி எழும்பு எண்டு சொல்ல மாட்டாங்க. போன் சார்ஜ் போட ஒரு நீட்டு மல்ட்டிபிளக் சுவரில அடிச்சிருக்கு. ஒவ்வொரு போனுக்குக் கீழயும் ஒரு பேர் எழுதின துண்டு. வார்டுக்குள்ள இருந்து அவசரமா கோல் வந்தா சார்ஜில கிடக்கிற போன எடுத்துப் பேரக் கூப்பிடுவாங்க. பின்னேரத்தில ஒழுங்கைக்குள்ள டவுனுக்குள்ள திரியிற மான் ரெண்டு மூண்டு வரும், வாழைப்பழத் தோலுக்கு. திருகோணமலைக்காரருக்கு மான் புதினம் இல்ல, ஆனா கவலையில இருக்கிற மனுசன் கொஞ்ச நேரம் மானப் பாத்துக்கொண்டு இருந்தா மனம் கொஞ்சம் இளகும் எண்டு இவர் சொன்னவர்.

என்ட கட்டிலுக்கு இந்தப் பக்கம் கிண்ணியாவில இருந்து ஒரு முஸ்லிம் ராத்தா, மகளுக்கு டெங்கு. அந்தப் பக்கம் கந்தளாயில இருந்து ஒரு சிங்கள அம்மா, மகனுக்கு நெஞ்சில சளி கட்டி நிமோனியா. ராத்தா 2017 கண்டவ. அந்த வருசம் மார்ச் மாசம் கிண்ணியாவில டெங்கு எப்பிடிப் பரவினது, ஸ்கூல் எல்லாம் மூடினது, வார்டில கட்டில் காணாமப் போனது எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. அந்த வருசம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல டெங்கு வந்தது, அந்த அலை எங்கட மாவட்டத்தத் தொடக்கத்திலயே அடிச்சிட்டுது. "தங்கச்சி, அண்டைக்கு இப்பிடி ஒரு கடை தெரிஞ்சிருந்தா எவ்வளவு லேசு" எண்டவ. மூண்டு பேரும் ஒரே கடையில எடுக்கக் கூடியதா இருந்ததுக்குக் காரணம், அன்ரி இறைச்சி சமைக்கிறதே இல்ல, மரக்கறி, மீன், முட்டை அவ்வளவும்தான். ஆரும் ஆரிட்டயும் ஒண்டும் கேக்கத் தேவையில்ல, கூச்சப்படத் தேவையில்ல. அன்ரிக்குச் சிங்களம் நல்லாக் கதைக்க வரும், கந்தளாய் அம்மாட புருசன் வேலைக்குப் போன நாள்ல என்ட மனுசன் மூண்டு கட்டிலுக்கும் சேத்து எடுத்துக்கொண்டு வருவார், பார்சலுக்கு மேல கட்டில் நம்பர் எழுதியிருக்கும், சிங்களப் பார்சலில சிங்களத்தில "அம்மாவுக்கு" எண்டும் எழுதி விட்டிருந்தவ.

மகனுக்குப் பிளேட்லெட் இறங்கி இறங்கிப் போய் ஒரு இடத்தில நிண்டு திரும்ப ஏறத் தொடங்கினது. ரத்தம் எவ்வளவு தடிச்சிருக்கு எண்டு காட்டுற பி.சி.வியும் சரிக்கு வந்தது. ஆனா எனக்கு நம்பிக்கை வந்தது ரிப்போட்டப் பாத்து இல்ல, அவன் "அம்மா பசிக்குது" எண்டு சொன்ன நேரம். டொக்டரும் காலம்பற ரவுண்ட்ஸ் வாற நேரம் முதல்ல கேக்கிறது அதத்தான், பசிக்குதா எண்டு. காலில சிவப்பாப் பரவி இடைக்கிடை வெள்ளை வெள்ளையா விட்டு ஒரு அரிப்புக் கடி வரும், அதுவும் நல்லாகிற அடையாளமாம், நான் பயந்து மிஸ்ஸக் கூப்பிட அவ சிரிச்சுக்கொண்டு சொன்னவ. அண்டு இவர் போய் அன்ரிட்ட பசிக்குதாம் எண்டு சொன்ன உடன அவ வேற ஆரோ ஓடர் குடுத்த இடியப்பத்தில இருந்து நாலு எடுத்து, உறைப்பில்லாத வெள்ளைச் சொதியும் ஒரு அவிச்ச முட்டையும் வச்சுக் குடுத்து விட்டவ, காசு எடுக்கேல்ல. அவன் மூண்டு சாப்பிட்டான். நாலாவத நான் சாப்பிட்டன், என்ட வாழ்க்கையில அப்பிடி ஒரு இடியப்பம் சாப்பிட்டதில்ல.

குறையும் சொல்லோணும், இல்லாட்டி ரிவியூ எண்டு சொல்ல ஏலாது. பெரியாக்களுக்கு வைக்கிற தேங்காய்ச் சம்பல் கடும் உறைப்பு, ரத்தம் எடுக்க நிக்கிற வெறும் வயித்தில அது ஆகாது, குறைச்சுப் போடச் சொல்லிக் கேளுங்க. மீன் குழம்பில புளி தூக்கல். தேத்தண்ணிக்குச் சீனி கேக்காமலே அள்ளிப் போடுறாங்க, சீனி வருத்தம் இருக்கிற அம்மம்மா அப்பப்பாமாரும் வந்து குடிக்கிற இடம், அத மாத்தினா நல்லம். காலம்பற ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில கூட்டம், ரெண்டே ரெண்டு பேர்தான் வேலை செய்யிறாங்க, பாக்கிற நேரம் முடியப்போகுது எண்டு பதறிக்கொண்டு நிண்டா நிமிசம் ஒவ்வொண்டும் நீளும். வார்டுக்குக் கொண்டு போறவங்களுக்கு எண்டு ஒரு பக்கமும் இருந்து சாப்பிடுறவங்களுக்கு ஒரு பக்கமும் பிரிச்சா பாதி நெரிசல் குறையும், நான் அன்ரிட்டயே சொன்னன், யோசிக்கிறன் பிள்ளை எண்டவ. கை கழுவ ஒரு பைப்தான். சவுக்காரம் எப்பவும் இருக்கு, அது பெரிய விசயம். சிரட்டை, வாளி, பழைய டயர் ஒண்டும் முத்தத்தில கிடக்கேல்ல, டெங்கு வார்டுக்குப் பக்கத்துக் கடை எண்டபடியா அதையும் பாத்தன், பூச்சாடித் தட்டில கூட தண்ணி இல்ல.

விலை நான் போன நேரத்தில வெள்ளைக் கஞ்சி கப் 50 ரூபா, இலைக்கஞ்சி 100, குழைச்ச சோத்து உருண்டை அஞ்சு சேந்த பார்சல் 250, மரக்கறிச் சோறு 300, மீன் வச்சா 400. காட் எடுக்க மாட்டாங்க, காசுதான். கையில இல்லாட்டி கொப்பியில கட்டில் நம்பரப் போட்டு எழுதி வைப்பாங்க, கேட்டுத் துரத்த மாட்டாங்க, அதுக்காக ஆரும் ஏமாத்திட்டுப் போயிராதீங்க, அவங்களும் வட்டிக்கு எடுத்துத்தான் கேஸ் வாங்கிறாங்க. காலம்பற அஞ்சு மணிக்குத் திறந்தா இரவு எட்டரை வரைக்கும். இடியப்பம் ஏழு மணிக்குள்ள முடிஞ்சிரும். வெள்ளிக்கிழமையில மீனும் முட்டையும் இல்ல, பிள்ளைக்கு முட்டை குடுக்கச் சொல்லியிருந்தா வியாழன் இரவே அவிச்சு எடுத்து வச்சுக்கொள்ளுங்க. டெங்குவுக்கு மட்டும் எண்டு நினைக்க வேணாம், வயித்தோட்டம், நிமோனியா, ஒப்பரேஷன் செய்த பிள்ளையள் எண்டு எதுக்கும் டொக்டர் என்ன சாப்பாடு சொன்னவர் எண்டத ஒரு துண்டில எழுதிக்கொண்டு போய்க் குடுங்க, அன்ரி அதப் பாத்துத்தான் சமைப்பா, தெரியாதது எண்டா திரும்ப வார்டில கேட்டுக்கொண்டு வரச் சொல்லுவா.

பிளாஸ்க் இல்லாம அவசரத்தில ஓடி வந்தவங்களுக்கு இரவல் பிளாஸ்க்கும் குடுப்பாங்க, சுடுதண்ணி சும்மா. டிஸ்சார்ஜ் ஆகிப் போகேக்க கழுவித் திருப்பிக் குடுத்திட்டுப் போங்க, நாங்க வெளிக்கிடேக்க அலுமாரியில ஒண்டுதான் மிச்சம் இருந்தது.